முள் ஏறிய முகம்

மலைமேல் கரியாலூரில் இருசப்பன் வீட்டுக்குள் வெளிச்சம் நுழைவது, புதுக்கூரை வேய்ந்த மறுநாளோடு நின்றுபோனது. விளக்கை ஏற்றி உள்ளே எடுத்துப்போனால் சுடர் எரியும், கை சுடும், எதுவும் தெரியாது. அவன் மனைவி குஞ்சம்மாள் தடவித் தடவியே சமைக்கப் பழகினாள். சோற்றில் கல் கடிபட்டதைத் தவிர வேறு குறையில்லை. எமர்ஜென்சி முடிந்த வருஷத்து ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒருநாள் காலை மூச்சு நின்றது. அவள் முகம் பதிந்த படம் ஒன்றுகூட இல்லாததால், கள்ளக்குறிச்சி ஸ்டூடியோக்காரன் பூமாலையை பஸ் ஏற்றி அழைத்துவந்தார்கள்.

வெளியே எடுத்த பிணத்தைத் திரும்ப உள்ளே கொண்டுபோகக் கூடாது. பாடை கட்டி முடியவில்லை, மழை வேறு. ஆகவே படத்தை உள்ளேயே எடுக்க வேண்டியிருந்தது. பிளாஷ் பல்பு அங்கே வெடித்ததே தவிர மின்னவில்லை. பூமாலையின் கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் சேர்ந்தே இருந்தது. இருட்டில் அதன் முள்ளைப் பார்க்க முடியாது என்பதால், குறிவைத்து, பொத்தானை அழுத்தி முள்ளை நிறுத்திக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தான். சுவரை அளந்தபோது முள் அடியில் கிடந்தது. மங்கலான இடத்தில் வெள்ளைத் துணியை அளந்து கணக்குப் போடுவது வழக்கம்; போர்த்தியிருந்த கோடித்துணியை அளந்தான், அடியிலேயே கிடந்தது. கடைசியில் முகம் இருக்கும் இடத்தைக் கையால் தேடி அளந்துவந்தான். முள் உச்சிவெயிலைக் காட்டியது.

பழுது என்று நினைத்து மறுபடி சுவரை அளந்துவந்தான், முள் விழுந்திருந்தது. முகத்தை அளந்துவந்தான், முன்னைவிட ஏறியிருந்தது. உயிர் இருக்கிறது என்று சொல்லி, அது பொய்யானால் மலையிலிருந்து இறங்க விடமாட்டார்கள். சொல்லாமல் போனால், குழி வெட்டியாகிவிட்டது.

குஞ்சம்மாளின் அண்ணன் பச்சமுத்து, மூங்கில் பிளந்த கத்தியோடு வாசலில் நின்றான்.

"இன்னாய்யா, உள்ளயும் வெளியவும் போய்க்கினு வந்துக்கினு கீற? பொட்டி கெட்டுப்போச்சா, நீ கெட்டுப்போய்ட்டியா?"

"மேளத்த நிறுத்தச் சொல்லுங்கண்ணே. அவங்க இன்னும் போவல."

கத்தி உயர்ந்ததாகவும் இருசப்பன் குறுக்கே கையை நீட்டியதாகவும் சொல்கிறார்கள். மேளம் நின்றது. பூமாலை உள்ளே போய், உச்சிவெயிலுக்கான அளவை வைத்தே ஒரு படம் எடுத்தான். பிறகு இருட்டுக்குள்ளிருந்து குஞ்சம்மாளின் குரல் வந்தது.

"மேளத்த இன்னாத்துக்கு நிறுத்தினீங்க? நல்லாதான அடிச்சிக்கினு இருந்தான்."

அதன்பிறகும் அவள் பல வருஷம் இருந்தாள். சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும், பூமாலை வந்து அளந்து, முள் அடியில் கிடக்கிறது என்று சொன்ன பிறகே மேளக்காரர்கள் குச்சியைத் தொட்டார்கள். அந்த வீட்டுக்குள் வெளிச்சம் இன்றுவரை நுழையவில்லை. குஞ்சம்மாளின் படத்தை உள்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அது தரும் வெளிச்சத்தில்தான் சாமையில் கல் பொறுக்குகிறார்கள்.