வள்ளித்தாயை விட்டு வந்த காடு

சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தும் பொன்செல்விக்கு அந்த வாரம் வந்த பாடம் சாக்டா மக்களின் இடப்பெயர்வு. வந்த நேரத்தைப் பாருங்கள்! குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காட்டை அவள் அப்பா சங்கரசுப்பு சோலார் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, டவுனுக்குக் குடிவர மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்டு மூலையில்தான் அவள் அம்மை வள்ளித்தாயைப் புதைத்திருந்தது.

"அமெரிக்காவுல சாக்டான்னு ஒரு சனம்ப்பா. மேற்கேருந்து கெளம்பயில, செத்தவங்க எலும்பையெல்லாம் சொமந்துக்கிட்டே நடந்தாங்கன்னு அவங்க பழங்கதை. நானி வையான்னு ஒரு மேட்டுல வந்துதான் இறக்குனாங்களாம். நாமளும் அம்மைய எடுத்துட்டுப் போயிருவோம்ப்பா."

சங்கரசுப்புவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஊர் மாறுகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் அள்ளிப்போய், புது இடத்தில் சாமிக்கு நிலையம் போட்டுக் குடிவைப்பது வழக்கம். அந்தப் பிடிமண்ணை மஞ்சள் துணியில் கட்டி அவர் தயாராக வைத்திருந்தார்.

"கிறுக்கு புடிச்சிருக்காட்டி ஒனக்கு? சாமி மண்ணும் பொணத்து எலும்பும் ஒரே வண்டியில ஏறுமா? தீட்டுட்டி! மொதல்ல சாமிய இறக்கிப் பூசை போடுவோம். பொறவு வந்து ஒங்கம்மைய எடுத்துக்கிடலாம். அவ எங்க ஓடிரப் போறா?"

அவர் குரல் உயர்ந்ததும் பொன்செல்வி அடங்கிப்போனாள். படித்த பிள்ளை, இன்னும் கொஞ்சம் மல்லுக்கு நின்றிருக்கலாம். என்னத்தைச் சொல்ல!

டவுனில் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சாமியைக் குளிரப்பண்ணிவிட்டு இருவரும் பைக்கில் காட்டுக்குத் திரும்பினார்கள். கம்பெனி ஜேசிபி முந்திக்கொண்டிருந்தது. வரப்பு இல்லை, உடைமரம் இல்லை, தலைமாட்டில் நட்ட கல்லும் இல்லை. காடு மொத்தமும் ஒரே மட்டமாகக் கிடந்தது. பாவி மனுஷன் இங்கேயும் அங்கேயுமாக ஓடினார். ஓரிடத்தில் குத்தவைத்து மண்ணை அள்ளினார், கீழே போட்டார், வேறோர் இடத்தில் அள்ளினார்.

"எங்கனன்னு தெரியலையேட்டி!"

அவரைத் தேற்றப் பொன்செல்வி வாயில் வந்ததைச் சொன்னாள். "சாக்டாக்காரங்களையும் பின்னால கவர்மெண்டு வெரட்டி விட்டுச்சுப்பா. குளிருலயும் காலராவுலயும் வழியில செத்தவங்கள அங்கங்க விட்டுட்டுத்தான் போனாங்க."

சங்கரசுப்பு நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்கள வெரட்டுனாங்க, தாயி. நம்மள எவன் வெரட்டுனான்? நானாத்தான கையெழுத்துப் போட்டேன்."