இருபத்தொரு தட்டும் ஏசி பெட்டியும்

அந்தத் திங்கட்கிழமை காலை சின்னசேலம் ரயிலடியில் பொன்னுரங்கத்திடம் இருபத்தொரு சீர்த்தட்டு இருந்தது. தூக்க இரண்டே ஆள். ஒன்று அவர். இன்னொன்று அவர் மனைவி அம்சவள்ளி.

சேலத்தில் தங்கச்சி மகள் எழில்மதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் என்றால் தட்டுக்கு ஒரு ஆள் வரிசை கட்டி நடக்க வேண்டும், பின்னால் சனம் திரண்டு வர வேண்டும். அந்த வீட்டில் இவர் ஏற்கெனவே ஒருமுறை பட்டவர். பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றைக்கு மொத்தம் ஐந்தே பேராகப் போய் இறங்கினார். தங்கச்சி புருஷன் சிவசங்கர் முந்நூறு பேருக்கு முன்னால், “இன்னா மச்சான், சீர கூரியர்ல அனுப்பியிருந்தா உங்களுக்கு அலைச்சல் மிச்சமாயிருக்குமே?” என்று கேட்டார். மண்டபம் சிரித்த சிரிப்பில் கல்வராயன் மலையே ஒரு முழம் நகர்ந்தது. அது போகட்டும். அன்றிலிருந்து தங்கச்சி ஜெயசுதா குழம்பில் உப்பு ஒரு கல் கூடப் போட்டாலும், “அஞ்சு பேர் வூட்டுப் பொண்ணு வேற எப்படி சமைக்கும்?” என்று மாமியார் ஆரம்பித்துவிடுகிறாள்.

இந்த முறை அப்படி ஆகக்கூடாது என்றுதான் நாற்பது பங்காளிகளையும் இரண்டு வேனையும் மூன்று மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்தது. திங்கட்கிழமையே வெட்டி ஏற்ற வேண்டும். நாற்பது பங்காளிகளும் ஒரே நாளில் கொடுவாளோடு தோட்டத்துக்குள் மறைந்தார்கள். “மன்னிச்சுக்க பொன்னுரங்கம். காது எப்ப வேணா குத்தலாம். கரும்பு காஞ்சிட்டா எடை நிக்காது” என்று பெரிய பங்காளி போனை வைத்துவிட்டார்.

இரண்டு பேருக்கு வேன் எதற்கு என்று அம்சவள்ளி ஒரு யோசனை சொன்னாள். “காலைல போற பாசஞ்சர்ல புதுசா ஏசி பெட்டி கோத்திருக்காங்களாம். அதுல போனா நம்ம சாக்லேட்டு கோபுரம் உருகாது.”

சாக்லேட் கோபுரம் அவளுடைய சொந்தக் கற்பனை. நானூறு சாக்லேட்டை உரித்து, ஒட்டி, மூன்றடி உயரத்துக்கு நிற்க வைத்திருந்தாள். உச்சியில் கலசம்கூட இருந்தது. அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற இருபதையும் நாலு கூடையில் அடுக்கி, இரண்டு பேரும் ஏசி பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்கள்.

முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். தலைவாசல் தாண்டியதும் ஏசி ஒருமுறை இருமியது, பிறகு வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி ஒரு ஆவியை விட்டது. அதற்குப் பிறகு பேச்சில்லை. ஜன்னல்களோ திறக்கவே முடியாத கண்ணாடி.

எதிரில் உட்கார்ந்திருந்த வெள்ளிமலை இருசம்மாள் புளி மூட்டைமேல் காலை வைத்துக்கொண்டு சொன்னாள்: “எங்க மலையில கதவத் தொறந்தா காத்து வரும். நீங்க இன்னாடான்னா துட்டு குடுத்துக் கதவ சாத்திக்கினு வேகுறீங்க.”

ஆத்தூரில் கூட்டம் ஏறியது. ஏறியது என்று சொல்வது தப்பு. வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்தது. மற்ற பெட்டிகளில் கால் வைக்க இடமில்லாமல், தினமும் சேலத்துக்கு வேலைக்குப் போகிற சீசன் டிக்கெட் கும்பல் மொத்தமும் ஏசி பெட்டிக்குள் பாய்ந்தது. எழுபது பேர் உட்காரும் பெட்டியில் இருநூறு பேர். ஒருவருக்கு மூக்கு அரித்தது. சொறிந்துவிட்டுப் பார்த்தால் அது பக்கத்துக்காரர் மூக்கு. பக்கத்துக்காரரும், “அப்படியே கொஞ்சம் இடது பக்கம்” என்றார். ஒருவர் சட்டைப்பையில் போன் அடிக்க, கை எட்டாமல் மூன்றாவது ஆள் எடுத்து, “அவரு இங்கதாம்மா நிக்கிறாரு, நல்லாதான் இருக்காரு” என்று அந்த வீட்டம்மாவுக்குச் சமாதானம் சொன்னார்.

கீழே இருந்த கூடைகளை இருநூறு ஜோடிக் கால்கள் நெருங்கின. அம்சவள்ளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“யோவ் கண்ணாடிக்காரரே! சும்மாதான நிக்கிறீங்க, இந்த வளையல் தட்ட தலைக்கு மேல புடிங்க. ஏம்மா பச்சை சுடிதாரு, நீ பட்டுப் பாவாடைய புடி. மீசைக்கார அண்ணே, பழத்தட்டு. தின்னுடாதீங்க, எண்ணி வெச்சிருக்கேன்!”

ஐந்து நிமிஷத்தில் இருபது தட்டும் இருபது தலைக்கு மேலே போய்விட்டது. டிக்கெட் பரிசோதகர் கறுப்புக் கோட்டோடு உள்ளே பிதுங்கி வந்து, “டிக்கெட் இல்லாதவங்கல்லாம்...” என்று வாயைத் திறந்தார். வெற்றிலைத் தட்டு பிடித்திருந்தவருக்குக் கை வலித்ததால், வாக்கியம் முடிவதற்குள் தட்டு பரிசோதகர் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் அவரால் யாரிடமும் டிக்கெட் கேட்க முடியவில்லை. கேட்டாலும் வாங்கிப் பார்க்கக் கை ஏது?

வாழப்பாடி வந்தபோது பெட்டிக்குள் இட்லி ஊற்றி வைத்திருந்தால் வெந்திருக்கும். அம்சவள்ளி மடியில் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு கலசத்தோடு உட்கார்ந்து, கடைசியில் குளமாகிவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பொன்னுரங்கம் அவள் பக்கம் குனிந்தார்.

“அழாத அம்சா. தட்டு போனா போவுது. மண்டபத்துல நாம ரெண்டு பேரா நிக்கப் போறமே, அதான் எனக்குப் பெரிய கவலை.”

வளையல் தட்டு பிடித்திருந்த கண்ணாடிக்காரர் காதில் அது விழுந்தது. பேர் இளஞ்செழியன், சீசன் டிக்கெட் கும்பலுக்கு அவர்தான் வாய். “இன்னாங்க விசேஷம்?” என்று கேட்டார். பொன்னுரங்கம் சொல்ல ஆரம்பித்தார். வெட்டு உத்தரவு, நாற்பது பங்காளி, அந்தக் கூரியர் பேச்சு, உப்பு கூடிய குழம்பு, எல்லாம். பெட்டியில் வேறு பொழுதுபோக்கு இல்லாததால் இருநூறு பேரும் காது கொடுத்தார்கள்.

“அஞ்சு பேர் வூட்டுப் பொண்ணா? அப்படியா சொல்லுச்சு அந்தம்மா?” என்று பச்சை சுடிதார் பல்லைக் கடித்தாள். அவளுக்கும் மாமியார் இருந்திருக்க வேண்டும்.

“மண்டபம் எங்கங்க?” என்றார் இளஞ்செழியன்.

“டவுன் ஸ்டேஷனுக்கு நேர் எதிர்ல. ஏசி மண்டபம்.”

இருநூறு தலையும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பியது.

“ஏசி ஓடுதா?” என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது.

“போன வாரம் பாத்தேன். உள்ள போனா சுவெட்டர் தேடணும்.”

“டிபன்?” இது மீசைக்காரர்.

“இட்லி, பொங்கல், வடை, கேசரி.”

“ஆபீசுக்கு லேட்டாவாதா?” என்று ஒரு நியாயவான் முனகினார்.

“வண்டி லேட்டுன்னு சொல்லிக்கலாம்” என்றார் இளஞ்செழியன். “தெனம் உண்மையச் சொல்றோம், நம்பவே மாட்டேன்றானுங்க. இன்னிக்குப் பொய்யாதான் சொல்லிப் பாப்பமே.”

சேலம் டவுனில் வண்டி நின்றது. சிவசங்கர் மண்டப வாசலில் வீடியோக்காரரோடு காத்திருந்தார். மச்சான் எத்தனை பேரோடு வருகிறார் என்று பதிவு செய்து வைத்தால் பிற்காலத்துக்கு உதவும் என்று எண்ணம். எதிரே ரயிலடிப் படியில் பொன்னுரங்கம் தெரிந்தார். பக்கத்தில் அம்சவள்ளி. அவர்களுக்குப் பின்னால் தலைக்கு மேல் தட்டு ஏந்தி இருபது பேர், அதற்கும் பின்னால் சாலையை அடைத்துக்கொண்டு சனம். வியர்வையில் ஊறி, முகம் சிவந்து, ஏசியைத் தேடிய ஆவேசத்தோடு அவர்கள் நடந்து வந்த வேகம் படையெடுப்பு மாதிரி இருந்தது. பேருந்துகள் நின்றன. போக்குவரத்துக் காவலரே வழிவிட்டு, போகட்டும் என்று கையைக் காட்டினார்.

சிவசங்கர் வாய் பிளந்தது. “மச்சான்... இவங்கல்லாம்?”

“நம்ம சனந்தான் மாப்ள.”

“இவரு?” என்று கண்ணாடிக்காரரைக் காட்டினார்.

“பொண்ணுக்குப் பெரிய மாமன் மொறை” என்றார் இளஞ்செழியன் தயங்காமல்.

“இந்தம்மா?”

“மலை வூட்டு அத்தை” என்று இருசம்மாள் புளி மூட்டையைச் சிவசங்கர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். “நிழல்ல வைய்யா.”

சிவசங்கரின் பார்வை வெற்றிலைத் தட்டோடு வந்த கறுப்புக் கோட்டில் போய் நின்றது. மச்சான் வக்கீலையும் கூட்டி வந்திருக்கிறார்! அவருடைய குரல் தானாகவே இறங்கி, முதுகு வளைந்தது. “வாங்க சார், உள்ள வாங்க. எதுன்னாலும் உக்காந்து பேசிக்கலாம். எங்கம்மா ஏதாச்சும் சொல்லியிருந்தாக்கூட மனசுல வெச்சுக்காதீங்க.”

பரிசோதகருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் யாரும் அவரை இப்படி வரவேற்றதில்லை. “பார்க்கலாம்” என்றார் மிடுக்காக.

உள்ளே ஜெயசுதா அண்ணனைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள், நிற்காமல் வந்துகொண்டேயிருந்த சனத்தைப் பார்த்தாள். மாமியார் பக்கம் திரும்பினாள். இடுப்பில் கையை மட்டும் வைத்துக்கொண்டாள். மாமியார் திடீரென்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

பொன்னுரங்கம் மருமகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி கம்பியை எடுத்ததும் எழில்மதி வீறிட்டாள். அம்சவள்ளி சாக்லேட் குளத்தை முன்னால் நீட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டது. ஒரு காது குத்தி, இன்னொரு காதும் குத்தியாகிவிட்டது. அதற்குக் கவலையே இல்லை. மாமனின் பட்டு வேட்டியில் பத்து விரலும் பதிந்தது. அவருக்கும் கவலையே இல்லை.

பந்தியில்தான் பிரச்சினை. சீசன் டிக்கெட்காரர்கள் இட்லியை முடித்து, பொங்கலை முடித்து, கேசரிச் சட்டியைச் சுரண்டிவிட்டு, ஏசிக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்கிற உத்தேசம் யாருக்கும் இல்லை. சமையல்காரர் இரண்டாவது முறையாகக் கையை விரித்ததும், சிவசங்கர் மேடைக்கு வந்து பொன்னுரங்கத்தின் காதோரம் குனிந்தார்.

“மச்சான், உங்க சனம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. மாவு தீந்துடுச்சு. கொஞ்சம் கெளம்பச் சொன்னீங்கன்னா...”

பொன்னுரங்கம் மருமகளின் கன்னத்துச் சாக்லேட்டைத் துண்டால் துடைத்தபடி நிதானமாக நிமிர்ந்தார்.

“அவசரப்படாதீங்க மாப்ள. இன்னும் பாதிப் பேரு அடுத்த வண்டியில வந்துக்கினு இருக்காங்க.”