எட்டாவது அறையின் கொக்கி

மதுரம் சிஸ்டர் புதுக் கட்டடத்தைப் பார்வையிட்ட லட்சணத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒவ்வொரு அறைக்குள்ளும் போய், வெள்ளைப் புடவையோடு வெறும் தரையில் மல்லாக்கப் படுத்தார். ஐந்து நிமிஷம் அப்படியே கிடந்தார். பிறகு எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். சாரம் பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"படுத்துப் பாத்துத்தான் மார்க் போடுவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"இங்க வர்றவங்க படுத்துக்கிட்டுத்தானே இருப்பாங்க வாஞ்சி சார். அவங்க கண்ணுல என்ன படும்னு எனக்குத் தெரியணும்." கையை மேலே நீட்டினார். "அது எதுக்கு?"

தளத்தின் நடுவே ஒரு இரும்புக் கொக்கி. எட்டு அறையிலும் அதே இடத்தில் ஒன்று.

"தூளி கட்டுற கொக்கி. கொத்தனார் பழக்கத்துல போட்டுட்டாரு."

"எவ்வளவு எடை தாங்கும்?"

கட்டடத்தைக் குறை சொல்கிறார் என்று எனக்கு ரோஷம். "கம்பியோட சேத்துக் கட்டிக் கான்கிரீட் போட்டது சிஸ்டர். ரெண்டு மூட்டை நெல்லைத் தொங்கவிட்டாலும் அசையாது."

அவர் கொக்கியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சொன்ன வார்த்தை எனக்கே அப்போதுதான் உறைத்தது.

எழுபத்தொன்றாம் வருஷம் அது. நில உச்சவரம்பைக் குறைத்துவிட்டார்கள். மன்னார்குடிக்குத் தெற்கே பெரிய மிராசுதார் ராமசுப்பிரமணியன், அரசாங்கத்துக்குப் போக இருந்த நிலத்தில் ஒரு பகுதியைத் தாயார் பெயரில் தர்மத்துக்கு எழுதிவைத்து, 'மங்களாம்பிகை மனநல ஆஸ்பத்திரி' என்று பலகை மாட்டினார். நிலத்தைக் காப்பாற்றத்தான் என்று ஊருக்கே தெரியும். நான் அங்கே ஓவர்சியர். மதுரம் தரங்கம்பாடிக்காரர். பதினோரு வருஷம் மனநோயாளிகளோடு வேலை பார்த்தவர் என்று தலைமை நர்ஸாக அழைத்து வந்திருந்தார்கள்.

அவர் வந்த நாளிலிருந்து எனக்குத் தலைவலி. கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்தாழ்ப்பாள் கூடாது. ஜன்னலில் சிறைக்கம்பி வேண்டாம், தேக்கில் அடர்த்தியான சட்டம் போதும். கட்டிலில் இருந்தபடியே வயல் தெரிய வேண்டும். கொல்லைக் கிணற்றுக்கு மூடி போட வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நர்ஸ் பாடம் நடத்துவதா என்று பொருமிக்கொண்டே எல்லாம் செய்தேன். கொக்கி மட்டும் எந்த வரைபடத்திலும் இல்லை. தளம் போட்ட அன்று நான் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

போட்டது கொத்தனார் வைரக்கண்ணு. பக்கத்துச் சேரிக்காரர். அவரைக் கேட்டபோது கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"கொக்கி இல்லாம நான் ஒரு அறையும் கட்டினதில்லைங்க அய்யா. அது இல்லாட்டி மலட்டு வீடுங்க. எம்பொண்ணு பொன்னுத்தாயும் இங்கதானே வந்து தங்கப்போவுது? வீடு மாதிரி இருந்தா சீக்கிரம் தெளிஞ்சிடும். அப்புறம் இன்னொரு புள்ளை வராமலா போயிடும்?"

பொன்னுத்தாய் கதை எனக்குத் தெரியும். போன தை அறுவடையில் கூலித் தகராறு. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், போலீஸ் வந்தது, சேரியிலிருந்து ஒருத்தரும் ரோட்டுக்குப் போக முடியவில்லை. ஒன்பது நாள். அவளுடைய எட்டு மாதக் குழந்தைக்கு ஜுரம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் தூளியிலேயே போய்விட்டது. போன பிறகும் ஒரு பகல் முழுக்க அவள் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு தடவை குளத்திலிருந்து தூக்கி வந்தார்கள்.

"கொக்கி எல்லாத்தையும் அறுக்கணும்" என்றார் மதுரம். "ஏன்னு வைரக்கண்ணுகிட்டச் சொல்லிட்டு அறுங்க சார். காரணம் தெரியாம செஞ்சா மறுபடியும் மாட்டிடுவாங்க."

வெள்ளிக்கிழமை மந்திரி வந்து திறக்கிறார். தளத்தைக் கொத்தி அசிங்கப்படுத்த மனசில்லை. விழா முடியட்டும் என்றேன். அதுவரை கண்ணில் படாமல் இருக்க, கொக்கிகளுக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். வெள்ளைத் தளத்தில் வெள்ளைக் கொக்கி. மந்திரி அண்ணாந்து பார்த்து "ரொம்பச் சுத்தமா இருக்கே" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ராமசுப்பிரமணியன் கூப்பிட்டனுப்பினார். "திங்கட்கிழமை தாசில்தார் வரார் வாஞ்சி. ஆஸ்பத்திரி நடக்கறதான்னு பார்க்கணுமாம். கட்டில்ல ஆள் இருக்கணும்."

அவசர அவசரமாக ஆக்சா பிளேடை எடுத்தேன். ஏழு கொக்கிகளை அறுத்தோம். எட்டாவதில் பாதிகூடப் போகவில்லை, கடைசிப் பிளேடும் உடைந்துவிட்டது. பொழுதும் சாய்ந்துவிட்டது, மறுநாள் ஞாயிறு, கடை கிடையாது. திங்கள் காலை பிளேடோடு வருகிறேன், அதுவரை எட்டாம் அறையைத் திறக்கக்கூடாது என்று பூட்டி, சாவியை வழக்கம்போல் வைரக்கண்ணுவிடம் கொடுத்தேன்.

"எதுக்குங்க அய்யா அறுக்கிறோம்?" என்று கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? உன் மகளுக்கு ஆசையாய் நீ போட்டது எதற்கு உதவும் தெரியுமா என்றா? "பாக்க நல்லா இல்ல, அதான்" என்று மழுப்பிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

திங்கள் காலை மன்னார்குடியில் பிளேடு வாங்கிக்கொண்டு வரும்போது, குறுவை அறுவடைக்கென்று பாலத்தடியில் மறுபடியும் போலீஸ் லாரி நின்றது. கட்டுச் சுமந்துவந்த பெண்கள் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு நடந்தார்கள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. வேகமாக மிதித்தேன்.

மதுரம் டாக்டரை அழைத்துவர விடியற்காலையே கிளம்பியிருந்தார். வராந்தாவில் வைரக்கண்ணு வெற்றிலை போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"பொன்னுத்தாயைக் கொண்டாந்துட்டேங்க அய்யா. ஏழு அறையும் ரொம்பிப்போச்சு. எட்டாவதைத் திறந்து விட்டுட்டேன். அதுலதான் நல்லவேளையா கொக்கி இருக்கு."

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, பிளேடும் கையுமாக ஓடினேன். எட்டாம் அறைக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவை இழுத்தேன். திறந்தது. வாசலை அடைத்துக்கொண்டு இரும்புக் கட்டில் கிடந்தது. கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் நாங்கள் வெளியிலேயே நின்றிருப்போம். கட்டிலில் ஏறி உள்ளே குதித்தேன். வைரக்கண்ணு என் பின்னால் குதித்தார்.

பொன்னுத்தாய் மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். படுக்கை விரிப்பை நான்காக மடித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் மேலே. உயிரோடு இருக்கிறாள் என்றதும் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கட்டிலை ஏன் தாயி கதவுல கொண்டு வெச்சே? பயமா இருக்கா?" என்றார் வைரக்கண்ணு.

"அது கொக்கிக்கு நேர் கீழ கெடந்துச்சுப்பா. ஏறி நின்னா எட்டும். அதான் தள்ளி வெச்சேன்."

அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "தூளி கட்டுறதுக்குத்தானே தாயி போட்டேன். உனக்காவத்தான்."

"தெரியும்ப்பா." அவள் குரலில் கோபமே இல்லை. "அதைப் பாத்தா எம்புள்ளையக் கட்டத் தோணுது. புள்ளை இல்லேன்னு நெனப்பு வந்ததும் என்னையக் கட்டத் தோணுது. கண்ணை மூடினாலும் மேல இருக்கு. எடுத்துடுப்பா."

வைரக்கண்ணு அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்குத்தானா அய்யா அறுத்தீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார். அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிளேடை என் கையிலிருந்து வாங்கினார். வராந்தாவில் கிடந்த ஸ்டூலை எடுத்துவந்து ஏறித் தானே அறுத்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். இரும்புத்தூளும் சுண்ணாம்பும் என் தலையில் கொட்டின. வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தாசில்தாராக இருக்கும். நாங்கள் யாரும் நகரவில்லை.

கொக்கி தரையில் விழுந்ததும் பொன்னுத்தாய் எழுந்தாள். நான் உதவப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கட்டிலைத் தனியாகவே இழுத்து வந்து அறை நடுவில், பழைய இடத்தில் போட்டாள். விரிப்பை உதறி விரித்தாள். படுத்து மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.