இரண்டு விரல் இடப்பக்கம்

அன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன், டால்டன் புதிதாக வாங்கிய பாயின்ட் இருபத்திரண்டு கைத்துப்பாக்கியால் பேப்பர் தட்டில் ஐந்து முறை சுட்டான். ஐந்தும் நடுப்புள்ளிக்கு இரண்டு விரல் இடப்பக்கமாகவே விழுந்தன.

“துப்பாக்கி இழுக்குது, வெர்னா.”

“துப்பாக்கி என்ன பண்ணும்? உன் விரல்தான் இழுக்குது,” என்று மனைவி சீண்டினாள்.

“சாயங்காலம் குழல் மேல இருக்கிற குறிகாட்டியோட திருகைத் திருப்பிட்டுச் சுட்டுக் காட்டுறேன், பாரு,” என்று சிரித்துக்கொண்டே போனான். மரம் வெட்டும் இடத்தில் ஓக் மரம் ஒன்று அவன்மேல் சாய்ந்தது; அவன் உயிரோடு திரும்பவில்லை.

ஏழு வாரம் கழித்து, அணில் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள், அவன் தம்பி ஆரின் வந்தான்.

“அதை வித்துடுங்க அண்ணி. குறி தப்புற துப்பாக்கி எதுக்கு?”

“சுட்டுப் பார்க்காம முடிவு பண்ண மாட்டேன்.”

இருபத்தைந்து தப்படியில் ஐந்து குண்டும் ஊறுகாய் ஜாடியின் மூடிக்குள் அடங்கினால்தான் அந்த வீட்டில் துப்பாக்கியை அணிலை நோக்கி நீட்டுவார்கள். வெர்னா மணல்பையில் கையை ஊன்றி நிதானமாகச் சுட்டாள். மூடியை வைத்துப் பார்த்தாள். ஐந்தும் அடங்கின, ஆனால் இரண்டு விரல் இடப்பக்கம். ஆரின் சுட்டதும் அங்கேதான் விழுந்தது.

“உன் அண்ணன் விரல் இழுக்கல. அவர் சொன்னதுதான் சரி,” என்றாள்.

குறிகாட்டியின் திருகைத் திருப்ப ஆரின் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

“கீழ வை. எவ்வளவு இழுக்குதுன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்.”

இரண்டு விரல் வலப்பக்கம் குறிவைத்து மறுபடி சுட்டாள். ஐந்தும் நடுப்புள்ளியைச் சுற்றி விழுந்தன.

மறுநாள் குழம்புக்கு இரண்டு அணில்கள் கிடைத்தன. திருகு டால்டன் விட்ட இடத்திலேயே இருந்தது.