திரும்பி வருவதற்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை எனக்கு அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் கிடைத்தது. 1991 ஜூலை. அக்கா மகனுக்குத் துணையாக விசா வரிசையில் நின்றிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, பெண், கூடவே தொழிற்சாலைச் சீருடையில் ஓர் இளைஞன். அப்பா பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையனக் கட்டிக்கப்போறியான்னு கேப்பாங்க. எஸ் சார்னு சொல்லு. யோசிக்காத."

'அந்தப் பையன்' பக்கத்திலேயே நின்று சாலையில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெயர்கள், ஊர், இனி வரும் எல்லாமே நான் போட்டவை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சேரப்பணஞ்சேரி ஏரிக்கரையில் மாலை வெயில் சாய்ந்தபோது காவேரியின் கண்கள்—'

வேண்டாம். நான் கண்களில் தொடங்கினால் என் வாசகிகள் பத்தாம் பக்கத்திலேயே கல்யாணத்துக்குப் புடவை எடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது தொடக்கம்: காவேரிக்கு விசா கிடைக்கவில்லை.

இதுவே இருக்கட்டும். பிளஸ் டூ மார்க் இன்ஜினியரிங் சீட்டுக்குப் போதாமல் போன பெண் அவள். கலிபோர்னியாவில் நர்ஸாக இருக்கும் அத்தை ராஜம்மா ஒரு வழி சொன்னாள். அங்கே கம்யூனிட்டி காலேஜ் என்று உண்டாம். பெரிய மார்க்கெல்லாம் கேட்க மாட்டார்களாம். இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தால் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் வருடத்துக்குப் போய்விடலாமாம். காவேரி ஒரு வருடம் இதே வேலையாக இருந்தாள். விண்ணப்பம் அனுப்பினாள், ஆங்கிலத் தேர்வு எழுதினாள், அத்தையிடமிருந்து செலவை ஏற்றுக்கொள்ளும் பொறுப்புக் கடிதம் வாங்கினாள். கல்லூரியிலிருந்து ஐ-20 என்கிற சேர்க்கைப் படிவம் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு.

ஜூனில் நேர்காணல். படிப்பு முடிந்ததும் எதற்காகத் திரும்பி வருவாய் என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அதிகாரி கேட்டார். அம்மா இருக்கிறார்கள் என்றாள். வரிசையில் நின்ற எல்லோருக்கும்தான் அம்மா இருந்தார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

3

யோசனை தாம்பரம் டிராவல்ஸ்காரர் நடேசனுடையது. மறுபடி போகும்போது பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்தால் திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறதென்று நம்புவார்களாம். போட்டோ இருந்தால் இன்னும் நல்லதாம். அப்பா ரகுபதி வீட்டுக்கு வரும்போதே மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டார். மனைவி கனகத்தின் அண்ணன் மகன் கார்முகில். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை.*

அவசரம் வேறு. ஆனி முடியப்போகிறது. ஆடியில் யாரும் தட்டு மாற்ற மாட்டார்கள். ஆடி கழியட்டும் என்று இருந்தால் காலேஜ் திறந்துவிடும்.

ரகுபதியின் கணக்குப்படி இது போட்டோவுக்கு மட்டும். கனகம் ஒத்துக்கொள்ளவில்லை.

"வெத்தலை பாக்கு வெச்ச தட்டக் கையில புடிச்சிக்கினு சும்மா நிக்கறதுக்கு இது இன்னா டிராமாவா? மாத்துனா மாத்துனதுதான்."

அண்ணன் கன்னியப்பனும் தங்கை பக்கம் நின்றார். பங்காளிகளைக் கூப்பிட்டு, புடவை வைத்து, முறைப்படியே தட்டு மாற்றினார்கள். அப்பாவுக்கு அது விசா. அம்மாவுக்கு அது வாக்கு. ஒரே போட்டோவில் இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

(* இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள், சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்து ஒரகடத்திலேயே இத்தனை கம்பெனி இருக்கும்போது பையன் ஏன் மறைமலை நகருக்குப் போகிறான் என்று கேட்கலாம். அப்போது அங்கே கம்பெனி இல்லை. சிங்கப்பெருமாள் கோயில் வரை பஸ்; அங்கிருந்து இன்னொரு பஸ்.)

4

கார்முகில்தான் எனக்குப் பிடிபடாமல் நழுவுகிறான்.

எழுதிப் பார்த்தேன்: 'கேமராவைப் பாருங்கள் என்றார் போட்டோக்காரர். அவன் காவேரியைப் பார்த்தான்.' அடித்துவிட்டேன். என் நாவல்களில் போதுமான ஆண்கள் இப்படிப் பார்த்தாகிவிட்டது. இவன் கடிகாரத்தைப் பார்த்தான். செகண்ட் ஷிப்ட் போகவேண்டும்.

அப்படியானால் ஏன் ஒப்புக்கொண்டான்? அத்தை கனகம் கேட்டதால் என்று வைக்கலாம். ஆனால் காவேரி ஆங்கிலத் தேர்வு எழுதிய அன்று ஷிப்டை விட்டுவிட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தவன் அவன். அதை அத்தை கேட்கவில்லை. (ஆக, அவனுக்குப் பிடித்திருக்கிறது. அடிக்க மனமில்லை, விட்டுவிடுகிறேன்.)

சங்கடம் இதுதான்: அவன் எவ்வளவு நம்பும்படியாக மாப்பிள்ளையாக நிற்கிறானோ அவ்வளவு சீக்கிரம் அவள் போய்விடுவாள். கம்பெனியில் கூட வேலை செய்யும் அண்ணாதுரை அதைப் பாட்டாகவே பாடினான். "பொண்ணு பிளேன்ல, மாப்ள பிரஸ்ல." கார்முகில் அவனோடு சேர்ந்து சிரித்துவைத்தான்.

காவேரி? அவளுக்குப் போகவேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனையும் பிடிக்கும். ஆனால் ஐ-20க்கும் அத்தையின் கடிதத்துக்கும் நடுவே அவனையும் ஒரு தாளாகச் செருகியது அவளை உறுத்திக்கொண்டே—

போதும். எல்லோரும் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

5

ரகுபதி தண்ணீர் வாங்கப் போன நேரம். அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். கார்முகில் குரலைத் தாழ்த்தினான்.

"எஸ்ஸுன்னு சொல்லிடு காவேரி. உள்ள நீ இன்னா சொன்னன்னு வெளியில வந்து நான் கேக்க மாட்டேன்."

பெரிய மனதோடுதான் சொன்னான்.

"கேக்கவே மாட்டியா மாமா?"

"மாட்டேன்."

வரிசை நகர்ந்தது. அவள் உள்ளே போனாள்.

உண்மையில் நடந்தது: அக்கா மகனை உள்ளே அனுப்பிவிட்டு நான் காபி குடிக்கப் போய்விட்டேன். அந்தப் பெண் வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

6

முடிவு ஒன்று: விசா இல்லை, ஆவணியில் கல்யாணம். என் பதிப்பாளருக்குப் பிடிக்கும். ஆனால் வேறெங்கும் போகமுடியாததால் தன்னிடம் வந்தவள் என்று கார்முகில் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பான்.

முடிவு இரண்டு: காவேரி வெறுங்கையோடு வருகிறாள். பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசா கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ரகுபதி அத்தைக்குப் போன் போட எஸ்.டி.டி. பூத் தேடி ஓடுகிறார். கனகம் பின்னாலேயே போகிறாள். இவர்கள் இருவர் மட்டும் நடைபாதையில்.

"நல்லபடியா போய்ட்டு வா," என்கிறான் கார்முகில்.

"கட்டிக்கப்போறியான்னு அந்த ஆபீசரு கேக்கவே இல்ல மாமா. போட்டோவப் பாத்தாரு. உனக்கு இஷ்டமான்னு கேட்டாரு."

அவன் சாலையில் போகிற பஸ்களைப் பார்க்கிறான்.

"நம்ம வூட்ல அத யாரும் கேக்கல. நீயும் கேக்கல."

இந்த முடிவைத்தான் வைத்துக்கொள்கிறேன், ஆனால் இதற்குமேல் எழுத மாட்டேன். விசா கிடைத்தாகிவிட்டது. இனி அவள் சொல்லப்போகும் பதிலால் எதுவும் கிடைக்கப்போவதில்லை, எதுவும் போகப்போவதுமில்லை. இஷ்டமா என்று கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. கேட்க மாட்டேன் என்று இப்போதுதான் சொன்னவன் எப்படிக் கேட்பான்? நான் எழுதினால் அழகாகப் பேசிவிடுவான். அது அவன் பேச்சாக இருக்காது. அவன் வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள், தடுமாறினாலும் பரவாயில்லை.

அவள் பதிலை மட்டும் எழுதாதீர்கள். அதை அவளே சொல்லட்டும்.