பெரிய தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்

சுற்றுச்சூழல் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்குக் குமுளியில் மூன்று நாள் பயிற்சி என்று உத்தரவு வந்தபோது, ரத்தினசாமி வாத்தியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். வேலையில் சேர்ந்த பிறகு இது பதினேழாவது பயிற்சி. மலையாள மாநிலத்தில் ஐம்பத்தாறு வயதிலேயே ஓய்வு; அதற்கு இன்னும் இரண்டே வருஷம். இனிமேல் கற்றுக்கொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் போகாமல் இருந்துவிட்டு மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுப்பது அவர் குடும்பத்தில் பழக்கமில்லாத காரியம். முதலமடையிலிருந்து பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறி, இடுப்பு கழன்றவர்போல வந்து இறங்கினார்.

முதல் நாள் விளையாட்டிலேயே போனது. வட்டமாக நிற்க வைத்து, ஆளுக்கொரு மரத்தின் பெயரைச் சொல்லி அந்த மரம்போல நிற்கச் சொன்னார்கள். மூன்று தலைமுறையாக மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்து மனிதர், ஐம்பத்து நான்கு வயதில் மாமரமாகக் கையை விரித்து நின்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலை தண்ணீர்ப் பரிசோதனை. அவரவர் வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பாதிப் பேர் வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் பிடித்ததை நீட்டினார்கள். ஒருவர் கடைப் பாட்டிலின் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே வைத்தார். ரத்தினசாமி மட்டும் கண்ணாடிப் பாட்டிலைத் தன் கையால் மூன்று முறை கழுவி, நிரப்பி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேலே முத்து முத்தாக எழுதியிருந்தார்: ‘பெரிய தோட்டத்துக் கிணறு, முதலமடை.’

மழை மறைவுப் பூமியில் கிணறு என்பது வெறும் கிணறு அல்ல. ஊரில் எல்லாக் கிணறும் சேறாகிப் போன வருஷத்திலும் அவர் குடும்பத்துப் பெரிய தோட்டத்தில் தண்ணீர் கிடந்தது. பங்குனியில் மாரியம்மனுக்கு முதல் தீர்த்தக்குடம் அங்கிருந்துதான் கிளம்பும். பஞ்சாயத்துக் குழாய் தெருவுக்கு வந்தபோது, “கொழாத் தண்ணி குடிக்கற நெலமை எங்கூட்டுக்கு இன்னும் வரலீங்க” என்று சொல்லி இணைப்பு வேண்டாமென்று அனுப்பிவிட்டவர் அவர்.

பயிற்சி கொடுத்த ஜினோ முப்பது வயது மலையாளி இளைஞன்; எந்த வாத்தியாரையும் ‘மாஷே’ என்றுதான் கூப்பிடுவான். பாட்டில் பாட்டிலாகக் காகிதப் பட்டையை முக்கி எடுத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் காட்டினான். எருவிலிருந்தும் உரத்திலிருந்தும் தண்ணீரில் கசியும் நைட்ரேட் உப்பு இல்லாவிட்டால் பட்டை வெள்ளையாகவே இருக்கும். கூடக் கூடச் சிவக்கும். பெரிய தோட்டத்துப் பாட்டிலில் முக்கி எடுத்த பட்டை ஒரு நிமிஷத்தில் செம்பருத்திப் பூவாகிவிட்டது.

வண்டிப்பெரியாறு எஸ்டேட் பள்ளியிலிருந்து வந்திருந்த புஷ்பமேரி டீச்சர் எட்டிப் பார்த்தாள். “சார், ஒங்க கெணத்துத் தண்ணி ரொம்ப வெக்கப்படுதே! சபைக்கு வந்து பழக்கமில்ல போல!”

எல்லோரும் சிரித்தார்கள்.

“பட்டை பழசா இருக்கும்” என்றார் ரத்தினசாமி.

ஜினோ புதுப் பட்டை எடுத்தான். அதுவும் சிவந்தது.

“மாஷே, கிணத்துப் பக்கத்துல மாட்டுத் தொழுவம், எருக்குழி ஏதாவது உண்டா?”

“இருக்குது. பூராவும் நாட்டு மாட்டு எரு. கலப்படமில்ல.”

“நாட்டு மாடோ சீமை மாடோ, நைட்ரேட்டுக்குத் தெரியாதே மாஷே” என்று ஜினோ மெதுவாகச் சொன்னான். பிறகு எல்லோருக்கும் பொதுவாக விளக்கினான். பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் இந்தத் தண்ணீரில் கலந்தால்தான் ஆபத்து. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது, உதடு நீலம் பாயும்.

“காய்ச்சிக் கலந்தா?” இரண்டு நாளில் ரத்தினசாமி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“காய்ச்சினா இன்னும் கூடும் மாஷே. தண்ணிதான் ஆவியாப் போகும். இது போகாது.”

மருமகள் ஜீவிதாவுக்குப் பால் போதவில்லை. மூன்று மாதக் குழந்தைக்கு மூன்று மணிக்கொரு தரம் மாவுப்பால். அடுத்த பால் பதினொரு மணிக்கு. சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

பாட்டில் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு நாளை மறுநாள் ஊர் போய்ச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டிலைக் கழுவியது அவர் கை. எழுந்து வராந்தாவுக்குப் போனார். கீழே ஏலக்காய்க் கடைகளில் ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போன் போட்டார்.

“கமலா, கொழந்தைக்கு நம்ம கெணத்துத் தண்ணியில பால் கலக்க வேண்டாம்.”

“ஏனுங்க? எலி கிலி உழுந்துருச்சுங்களா?” என்றாள் மனைவி கமலாத்தாள்.

“தண்ணி சரியில்ல. சோதிச்சாச்சு. ரெண்டு தடவை.”

அவள் குரலைத் தாழ்த்தி, “இத வெளிய சொல்லிப்போடாதீங்க. பங்குனி நெருங்குது” என்றாள்.

“கோபிநாத்தைக் கேன் தண்ணி வாங்கியாரச் சொல்லு.”

“உங்க பையன் மாங்கா லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்கறான். பொழுது சாஞ்சுதான் வருவான். தெருக்கொழாயிலயும் இன்னிக்குத் தண்ணி இல்ல. யாரூட்ல போயி நிக்கறது நானு?”

பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி வீட்டில் தொட்டியில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். அது இருவருக்கும் தெரியும். போன பங்குனியில் கோயில் கூட்டத்தில், “எருக்குழிக்குப் பக்கத்துக் கெணத்துல தீர்த்தம் எடுக்கறது நல்லதுங்களா?” என்று கேட்டவர் அந்தப் பழனிச்சாமி. “உங்கொப்பன் உசுரு பொழைச்சது அந்தத் தண்ணியில” என்று ஊர் முன்னால் அவர் வாயை அடைத்தவர் ரத்தினசாமி. அன்றோடு பேச்சு நின்றது.

“நீ போக வேண்டாம். அவன் நம்பரை மட்டும் சொல்லு” என்றார்.

போன் மணி ஐந்து முறை அடித்த பிறகு எடுத்தார்கள்.

“யாருங்க?”

“ரத்தினசாமி பேசறேன். ஒரு கொடம் தண்ணி வேணும். கொழந்தைக்கு. இப்பவே.”

“ஏனுங்க, பெரிய தோட்டத்துக் கெணறு வத்திருச்சுங்களா?” குரலில் குத்தல் இருந்தது. ஒரு வருஷமாக வைத்திருந்த குத்தல்.

வற்றிவிட்டது என்று சொல்லிவிடலாம். வறட்சி யாருக்கும் அவமானமில்லை. ரத்தினசாமி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“வத்தல. கெட்டுருச்சு. நீ சொன்னது நெசந்தான்.”

“பேரனுங்களா, பேத்திங்களா?” என்று கேட்டார் பழனிச்சாமி. “எங்களுக்குச் சொல்லி உடலீங்களே.”

“பேத்தி.”

“கொண்டு போயிக் குடுக்கறனுங்க.” போன் நின்றது.

ரத்தினசாமி அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்தார். அப்படிக் கண்ட இடத்தில் உட்காருகிறவர் அல்ல அவர். ஜினோ வாசலில் வந்து நின்றான், கையில் படிவம்.

“மாஷே, முடிவு எல்லாம் எல்லாரும் பாக்கற மேப்புல ஏத்தணும். உங்களோடதுக்கு இடத்துப் பேர் மட்டும் போட்டாப் போதும். முதலமடைன்னு போடட்டுமா?”

“அப்படிப் போட்டா ஊரையே சொன்ன மாதிரி ஆயிரும். ஊர்க் கெணறெல்லாம் என்ன பண்ணுச்சு?” கையை நீட்டிப் படிவத்தை வாங்கினார். “குடுங்க, நானே எழுதறேன்.”

பேனாவைத் திறந்தார். கிணற்றின் பெயரை எழுதினார். உடைமையாளர் என்ற இடத்தில் தகப்பனார் பெயரோடு சேர்த்துத் தன் பெயரை முழுசாக எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியது. உள்ளே அடுத்த விளையாட்டுக்குக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.