வெள்ளைக் கோல் எடுத்த தையல்காரர்

தையல்காரருக்கு உலகத்தில் எதற்கும் பயமில்லை, சாலையைக் கடப்பதைத் தவிர. ஒரு கால் முன்னால் வைப்பார். எங்கோ ஒரு பஸ் உறுமும். இரண்டு கால் பின்னால் வந்துவிடுவார்.

அவர் மனைவிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். அவள் வெள்ளைக் கோலை நீட்டினால் லாரிகூட முனகிக்கொண்டே நின்றுவிடும். கோலைக் கண்டால் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும் என்பது சட்டம். எதிர்ப்பக்கம் போகவேண்டியிருந்தால் தையல்காரர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போவார். "எவ்வளவு அக்கறையான புருஷன்!" என்பார்கள் பார்க்கிறவர்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

ஒருநாள் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அவசரத் தையல் ஒன்றுக்குப் பொத்தான் தீர்ந்துபோயிற்று. பொத்தான் கடையோ சாலைக்கு அந்தப் பக்கம். தையல்காரர் யோசித்தார். அலமாரியில் கிடந்த அவளுடைய பழைய கோலையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு பூனைபோல வெளியேறினார்.

கோலை நீட்டினார். சாலையே நின்றது. ராஜா மாதிரி நடந்தார். பாதி வழியில் ஒரு கை அவர் கையைக் கெட்டியாகப் பிடித்தது.

"பயப்படாதீங்கண்ணா, நான் டிராஃபிக் போலீஸ். இந்த ரோட்டுக்கு இன்னிக்குத்தான் வந்திருக்கேன்" என்றது ஒரு பெண்குரல். "தனியாவா வந்தீங்க? வாங்க, நானே வீடு வரைக்கும் கொண்டுபோய் விடறேன்."

பொத்தான் கடை கண்ணெதிரே இருந்தது. அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளத்தான் முடியவில்லை.

கதவைத் திறந்த மனைவியிடம் போலீஸ்காரம்மா, "அக்கா, அண்ணனை இப்படித் தனியா அனுப்பாதீங்க. வழியில ரெண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தார்" என்றாள். அப்புறம்தான் அக்காவின் கண்களைக் கவனித்தாள். "அய்யோ, ரெண்டு பேருக்குமேவா?"

மனைவிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. காய்ச்சல் பாதி இறங்கியது.

"ஆமாம்மா. நான்தான் அவரைப் பாத்துக்கிறேன். பாவம், காதும் மந்தம்."

போலீஸ்காரம்மா அவர் காதருகே குனிந்து, "தினமும் நானே ரோட்டைத் தாண்டி விடறேண்ணா!" என்று கத்தினாள். தையல்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

அவள் போனதும் வெடித்தார். "என்னடி இது அநியாயம்?"

"உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனா கண்ணு தெரியிறவங்க அந்தக் கோலோட ரோட்டுல இறங்கறது குத்தம். கேஸ் போடுவாங்க."

அன்றிலிருந்து அவருக்கு வீட்டைவிட்டு இறங்கினால் கண்ணாடி, கோல். பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் கடைக்கே தடவித் தடவிப் போனார். போலீஸ்காரம்மா தூரத்தில் தெரிந்தால் சுவரில் மோதிக்கொண்டும் காட்டினார். மனைவிக்கு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை. வீட்டில் அவ்வளவு சந்தோஷம்.

ஒரு காலை அவளைச் சாலை கடக்க விட்டபடி போலீஸ்காரம்மா, "புது யூனிஃபார்ம் பேன்ட் தொளதொளன்னு இருக்குக்கா" என்று அலுத்துக்கொண்டாள்.

"பக்கத்துத் தெருவுல ஒரு டெய்லர் இருக்கார்மா. வேலை சுத்தமா இருக்கும். இப்பவே போய்ப் பாரு."

போலீஸ்காரம்மா கடைக்குள் நுழைந்தபோது தையல்காரர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் ஒரே குத்தில் உள்ளே போயிற்று. நிமிர்ந்தார். ஊசி கீழே விழுந்தது.

"கண்ணு வந்துடுச்சாண்ணா?" என்று மெல்லக் கேட்டாள் அவள்.

"இல்ல... அது வந்து... அப்பப்போ..."

"காது?"

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். முடியாமல் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள். "கேஸ் எழுதட்டுமா? இல்ல, ஒரு வாரம் காலையில என்கூட ரோட்டுல நின்னு வண்டிகளை நிறுத்தறீங்களா?"

மறுநாள் காலை தையல்காரர் கையில் 'நில்' பலகையோடு சாலை நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கம் மனைவி கோலை நீட்டினாள். வண்டிகள் நின்றன. ஒரே ஒரு வேன் மட்டும் நைசாக நழுவப் பார்த்தது. தையல்காரருக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, வேனுக்கு முன்னால் பாய்ந்தார்.

"கோல் தெரியலையா? சட்டம் தெரியுமா உனக்கு? பின்னால போய்யா!"

வேன் பின்னால் போயிற்று. மனைவி நிதானமாக நடந்து கடந்தாள். மறுகரையில் ஒரு கணம் நின்றாள். திரும்பி மறுபடி கோலை நீட்டினாள்.

"இப்ப எதுக்குடி திரும்ப வர்றே?"

"நீங்க கத்தறது கேக்க நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் சாலையில் இறங்கினாள்.